காணாமற்போன மகனும் கிரியை காணாத கணவனும்: வன்னியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கும், ஐம்பதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு தாய்க்கு 2022 இன் இறுதியிலிருந்து ஓராண்டுக்கு மேல் அளிக்கப்பட்ட உளநலச் சிகிச்சையின் பதிவு இது. அடையாளம் தெரியாமலிருக்க ஊர், வயது, உறவு விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

குடும்பம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கும், பின்னர் வன்னிக்கும் வந்தார்கள். 2004 டிசெம்பர் கடல்கோளில் வீடும் வள்ளமும் போயின. கட்டிய புது வீட்டில் நான்கு வருடம்கூட இருக்கவில்லை. 2009 தொடக்கத்தில் இறுதிப் போரில் மீண்டும் ஓட்டம்: புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். சித்திரையில் கணவன் செல் (எறிகணை) வீச்சில் இறந்தார். பதுங்குகுழிக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நகர்ந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் இயக்கம் (விடுதலைப் புலிகள்) பிடித்துக்கொண்டுபோன 17 வயது மகன் தப்பித் தாயிடம் திரும்பியிருந்தான். மே 18 இல் வட்டுவாகலைக் கடக்கும்போது, ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்களும் பதிய வேண்டுமென்ற படையினரின் அறிவிப்பைக் கேட்டு, தாயே மகனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தார். அதன்பின் அவனைக் காணவில்லை.

தாயும் மகளும் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து 2011 இல் ஊர் திரும்பினார்கள். மகனைக் காட்டுவதாகச் சொன்ன தரகர் ஒருவருக்கு நகையை விற்றும் வட்டிக்கு வாங்கியும் மூன்று இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்தக் கடனை அடைக்க எடுத்த கிழமைக் கடன்கள் மகளின் தலையில் இன்னமும் இருக்கின்றன. மகளுக்கு 2010 இல் பிறந்த மகன் இருக்கிறான். அவனுக்கு மாமனின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்படியான குடும்பத்தைப் பார்த்தவுடன் மனவடு நோய் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த வீட்டு ஆய்வொன்றில் பதகளிப்பு (பதற்றம்) அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு 7 வீதம் என்றே வந்தது. போர் முடிந்து சில மாதங்களிலேயே நிலைமை அது. வருடங்கள் போகப்போக இவை உடல் நோவாகவும் கடனாகவும் வீட்டுச் சண்டையாகவும் உருமாறி, உளநலக் கிளினிக்குக்கு வராமல் வெளிநோயாளர் பிரிவு (ஓபிடி) வரிசையில் நிற்கின்றன.

முதல் சந்திப்பில் கண்டவை

அவரும் ஓபிடி வழியாகத்தான் வந்தார். நெஞ்சு பக்குப்பக்கென்று அடிக்கிறது, தலை வெடிக்குமாப்போல இருக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, "யோசினை கூட" என்று ஒரே முறைப்பாட்டோடு திரும்பத் திரும்ப வந்தவரை ஓபிடி மருத்துவர் உளநலப் பிரிவுக்கு அனுப்பினார்.

உடல் நோய்கள் முதலில் விலக்கப்பட்டன. ஈசிஜி, தைரொயிட், வெறுவயிற்றுச் சீனி வழமையாக இருந்தன. ஈமோகுளோபின் 9.8. இரத்தக்குறைவு படபடப்பைக் கூட்டும் என்பதால் இரும்புச்சத்து தொடங்கப்பட்டது. வலது தொடையில் செல் துண்டொன்று இருப்பது எக்ஸ்றேயில் தெரிந்தது. அது அவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டது. என்றைக்காவது எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் தெரிந்திருக்க வேண்டிய விவரம் அது.

அடுத்து, வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னோம். இந்தப் பை பல பக்க வரலாற்றை விடப் பெறுமதியானது. மூன்று வெவ்வேறு இடங்களில் கொடுத்த டயசிப்பாம் என்ற தூக்க மாத்திரை, பாமசியில் வாங்கிய டைக்குளோபெனாக் என்ற நோ மாத்திரை, நாளுக்கு ஆறு வரை விழுங்கிய பரசிற்றமோல், நெஞ்செரிவுக்கான ஒமெப்பிரசோல் இரண்டு பெயரில். டயசிப்பாம் மட்டும் இரவுக்கு 10 மில்லிகிராம், கெட்ட நாளில் 15. மாதத்தில் 15 நாளுக்கு மேல் நோ மாத்திரை எடுப்பவருக்கு அந்த மாத்திரையே தலையிடியைத் தரும். நெஞ்செரிவுக்கும் இரத்தக்குறைவுக்கும் டைக்குளோபெனாக் பெரும்பாலும் காரணம். ஆக, முறைப்பாடுகளில் பாதி பழைய துயரத்திலிருந்தும் மீதி அதற்குக் கொடுத்த மருந்திலிருந்தும் வந்தவை.

தூக்கம் இரவுக்கு மூன்று மணித்தியாலம். ஹெலிகொப்டர் சத்தத்துக்கும் கலியாண வீட்டு வெடிக்கும் உடம்பு பதறும். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளின் புள்ளி 27 இற்கு 20. கேள்விகளை வாசித்துக் காட்டிக் கேட்டோம். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், படிவத்தைக் கையில் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று புள்ளடி போடுவார். ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியது, மகள் வெளியே போன பிறகு தனியே கேட்கப்பட்டது. மகள் இருந்தபோது "சீச்சீ" என்றவர் தனியே சொன்னது: "சாகலாம் பிள்ளை. ஆனா அவன் வந்தா வீட்டில ஆர் இருக்கிறது?"

பிறகு எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு இந்த விடைதான் அடிப்படை. காத்திருப்பு அவரை வதைத்தது. அதுவே அவரை உயிரோடும் வைத்திருந்தது.

பெயரிடுவதில் இருந்த சிக்கல்

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, நீடித்த இழவிரக்கத்தைத் தனி நோயாக ஏற்கிறது. அறிகுறிகள் பெரும்பாலும் பொருந்தின. ஆனால் அந்த வரைவிலக்கணம் நெருங்கிய ஒருவரின் மரணத்திலிருந்துதான் தொடங்குகிறது. கொப்பியில் அப்படி எழுதினால் மகன் செத்துவிட்டான் என்று மருத்துவர் சாட்சி சொல்வதாகிவிடும். கொப்பி அவரோடு வீட்டுக்குப் போகும், பிள்ளைகள் வாசிப்பார்கள், அலுவலகங்களிலும் காட்டப்படும்.

இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் போலின் போஸ் 1970கள் முதல் எழுதிவருகிறார். அவர் சொல்வதன் சாரம்: குழப்பம் அந்த மனிதரின் மனத்தில் இல்லை, நிலைமையில்தான் இருக்கிறது, முடித்துவைக்கச் சொல்லி வற்புறுத்துவது தீங்கு செய்யும். இந்தத் தாயைச் சுற்றி எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். உறவினர் "இனி விடு" என்றார்கள். வாக்குச் சொல்பவர் "மேற்குத் திசையில இருக்கிறான்" என்றார். ஓர் அரச அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்றார்கள். ஆளாளுக்குத் தீர்ப்பு வேறு, கேள்வி ஒன்றே.

கொப்பியில் "மனச்சோர்வு, பதகளிப்பு, மெய்ப்பாட்டு (உடல்வழி வெளிப்படும்) முறைப்பாடுகள், மகன் காணாமற்போனவர்" என்று மட்டும் எழுதப்பட்டது. எந்தப் படையிடம் ஒப்படைத்தார், மகன் எத்தனை நாள் இயக்கத்தில் இருந்தான் என்பன எழுதப்படவில்லை. சிகிச்சைக்கு அவை தேவையில்லை. வெளியே போனால் ஆபத்தும் உண்டு.

மகன் இருக்கிறானா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவர் கேட்டால் ஊகம் சொல்வதில்லை என்பது கிளினிக்கில் எல்லோருக்கும் பொதுவான முடிவு. அவர் கட்டாயம் கேட்பார் என்பதால் உளசமூகப் பணியாளர் விடையொன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துவைத்தார்: "எனக்குத் தெரியாது அம்மா. தெரியாததை நான் சொல்ல மாட்டன். தெரியாமலே இருக்கிற நாளுகளை எப்பிடிக் கொண்டுபோறதெண்டு சேர்ந்து பாப்பம்."

முதல் மூன்று மாதம்: தூக்கமும் மாத்திரையும்

நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறை எதுவும் தொடக்கத்தில் எடுக்கப்படவில்லை. இவர் ஏற்கெனவே ஆணைக்குழுக்களிடமும் அலுவலர்களிடமும் செய்தியாளர்களிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பிறகு பல நாள் தூங்கவில்லை. இன்னொரு வாக்குமூலம் அவருக்குத் தேவைப்படவில்லை.

மனச்சோர்வுக்கான மருந்துத் தெரிவை அந்த வருட மருந்துத் தட்டுப்பாடும் தீர்மானித்தது. சேர்ட்ரலின் இருப்பில் இல்லை. அமிட்ரிப்டிலின் தலையிடிக்கும் தூக்கத்துக்கும் உதவும், ஆனால் அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். சாவைப் பற்றிய எண்ணம் உள்ளவரிடம் ஒரு மாதத்துக்குரியதைக் கொடுத்தனுப்ப முடியாது. மிஞ்சியது புளுவொக்சடின். 20 மில்லிகிராம் கப்சியூலைப் பிரிக்க முடியாததால் முதற்கிழமை ஒன்றுவிட்டொரு நாள், அதன்பின் தினமும், காலை சாப்பாட்டுக்குப் பிறகு. மருந்து உடலில் பல நாள் தங்கும் என்பதால் இது சாத்தியம். முதல் இரண்டு கிழமை அந்தரம் கூடலாம் என்று மகளுக்கும் சொல்லப்பட்டது. சொல்லாவிட்டால் நான்காம் நாளே நிறுத்திவிடுவார்கள், அதைப் பலரிடம் கண்டாயிற்று.

டைக்குளோபெனாக் உடனே நிறுத்தப்பட்டது. புளுவொக்சடினோடு சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். பரசிற்றமோல் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும். தலையிடி முதலில் பத்து, பதினான்கு நாள் மோசமாகும், பிறகுதான் குறையும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது.

டயசிப்பாமைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலவேளை வலிப்புக்கூட வரும். முதலில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, இரவுக்கு 10 மில்லிகிராம் என்று நிலைப்படுத்தப்பட்டது. புளுவொக்சடினும் ஒமெப்பிரசோலும் டயசிப்பாம் உடலில் தங்கும் நேரத்தைக் கூட்டுபவை. பகல் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கிறதா என்று மகள் பார்த்துக்கொண்டார். ஒரு மாதத்தின் பின் 7.5, அதிலிருந்து மூன்று கிழமையில் 5. மருந்து பத்து நாளுக்குரியதாகவே கொடுக்கப்பட்டது, மகளின் கையில். தோட்டத்து மருந்துப் போத்தல்கள் அயலவர் ஒருவரின் பூட்டிய கொட்டிலுக்கு மாற்றப்பட்டன. கிருமிநாசினி வீட்டில் இல்லாமல் செய்வது எந்த ஆலோசனைக்கும் முந்திய வேலை.

தூக்கத்துக்கு நாடிசுத்தி என்ற மூச்சுப் பயிற்சியும், படுத்து உடலைத் தளர்த்தும் சாந்தி ஆசனமும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. யாழ்ப்பாண உளநலப் பணியில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலானோர் இத்தகைய உள்ளூர் முறைகளை நீண்டகாலமாகக் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடியதும் இவருக்குப் பதுங்குகுழி வந்தது. அதனால் சாந்தி ஆசனம் கைவிடப்பட்டது. கண் திறந்தபடி, விளக்கைப் பார்த்துக்கொண்டு, மூச்சோடு "நமசிவாய" உருப்போடுவது தொடர்ந்தது. அது அவருக்குப் பழக்கமானது, இலவசம், பேரனும் கூட இருக்கலாம்.

வீட்டுத் தரிசிப்புக்குச் சின்னம் போட்ட வாகனம் போகவில்லை. வாகனம் படலையில் நின்றால் அன்றைக்கே யாராவது வந்து விசாரிப்பார்கள். குடும்பநல மாது மோட்டார் சைக்கிளில் வழமையாகப் போகும் நாளில் உளசமூகப் பணியாளரும் கூடப் போனார்.

பன்னிரண்டாம் கிழமையில் மனச்சோர்வுப் புள்ளி 13. தலையிடி கிழமைக்கு ஒருநாளாகியது.

வைகாசி

ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் ஓபிடி வருகை கூடுவது பழைய கொப்பிகளைப் புரட்டியபோது தெரிந்தது. போரின் கடைசி நாட்களில் குடித்த கஞ்சியின் நினைவாகச் சந்திச் சந்தியாய் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார்கள், 18 ஆம் திகதி நினைவேந்தல், அதையொட்டி வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல். அம்மனுக்குத் தாய் நேர்த்தி வைத்திருக்கிறார், மகன் வந்தால் காவடி. வருடாவருடம் நேர்த்தி கொடுக்காமல் திரும்புவதும் ஒரு நோவு.

டயசிப்பாம் குறைப்பு சித்திரை நடுப்பகுதியிலிருந்து 5 மில்லிகிராமில் நிறுத்திவைக்கப்பட்டது. கஞ்சிக்கோ நினைவேந்தலுக்கோ போகவேண்டாமென்று சொல்லப்படவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கும் அவர் இடைக்கிடை போய்வருபவர். அந்தக் கொட்டகையில் "இன்னும் யோசிக்கிறியோ" என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவத்தால் கொடுக்க முடியாத ஒன்று அங்கே அவருக்குக் கிடைத்தது. கூடப்போக ஒரு சிநேகிதி, பையில் தண்ணீர், மதியச் சாப்பாடு, மறுநாள் கிளினிக், இவ்வளவே ஏற்பாடு. புள்ளி 17 இற்கு ஏறியது. மருந்து கூட்டப்படவில்லை. ஆனி நடுவில் 12.

கணவனின் கிரியை

ஆனியில் ஒருநாள், கணவனைப் பற்றி அதுவரை பேசாத தாய் தானாகச் சொன்னார்: "அவருக்கு ஒண்டும் செய்யேல்லை. மகன் வந்துதானே செய்ய வேணும்." கொள்ளி வைக்க வேண்டியவன் மகன். மகன் வரட்டும் என்று எட்டாம் நாள் கிரியையும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, ஆடி அமாவாசை விரதமும் இல்லை. 14 வருடமாக, கண்ணால் கண்ட சாவின் துக்கம் காணாத மகனின் பின்னால் வரிசையில் நின்றது.

மகனின் கேள்வியைத் தொடாமலே, கணவனின் இழவைத் தனியே பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்கத் தீர்மானிக்கப்பட்டது. கிரியைக்குரிய சைவக்குருக்களிடம் மகளும் தாயும் போய்க் கேட்டார்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யும் மரபு இருப்பதையும், மகளின் மகன் செய்யலாம் என்பதையும் அவர் விளக்கினார். கிளினிக் சொல்லியிருந்தால் இது எடுபட்டிருக்காது. தாய் ஒரு நிபந்தனை வைத்தார்: சங்கற்பத்தில் மகனின் பெயரை எந்த வடிவிலும் எடுக்கக்கூடாது. பேரனுக்கும் அதே பெயர் என்பதால் குருக்களோடு முன்கூட்டியே பேசி, அவன் பிறந்த நட்சத்திரத்தையும் முழுப்பெயரையும் தெளிவாகச் சொல்ல ஒழுங்கு செய்யப்பட்டது.

ஆடி அமாவாசைக்கு முந்திய கிழமை கடற்கரையில் கிரியை நடந்தது. அன்றிரவு நீண்ட நேரம் அழுதார். உறவினர் பதறி டயசிப்பாம் கேட்டு வந்தார்கள், கூட்டிக் கொடுக்கப்படவில்லை. இழவு வீட்டில் அழுவதற்கு மருந்து கொடுப்பதில்லை. மகள் கூடவே படுத்தார்.

பிறகு காகிதங்கள். காணி அனுமதிப்பத்திரம் கணவனின் பெயரில் இருந்தது. மரணங்களைப் பதியும் தற்காலிக ஏற்பாடுகளுக்கான 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கணவனின் மரணத்தைப் பதிய முடியும். அலுவலகத்துக்குப் போனால் மகனின் பெயரையும் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவர் இத்தனை வருடம் போகவில்லை. பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் படிவத்தை வீட்டிலேயே வாசித்துக் காட்டி நிரப்பினார். மகன் விடயத்தில் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்க 2016 முதல் சட்டத்தில் இடமுண்டு. 2022 இல் அத்தகைய குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை இசைந்து, பின்னர் இரண்டு இலட்சமாக்கியது. இரண்டும் விளக்கப்பட்டன. தாய் பணம் வேண்டாம் என்றார். மகள் கடனை நினைத்துக் கோபப்பட்டார். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

குற்ற உணர்வு

"நான்தானே கையில பிடிச்சுக் குடுத்தனான்" என்பதை ஆவணியில்தான் பேசத் தொடங்கினார். "உங்கள் பிழையில்லை" என்று ஆறுதல் சொல்வது பயன்படவில்லை; ஊரே அதைச் சொல்லியாயிற்று. அந்தக் காலையில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டது. அறிவிப்பில் என்ன சொன்னார்கள், பதியாமல் பிடிபட்டால் சுடுவார்கள் என்று யார் சொன்னது, எத்தனை நாள் சாப்பிடவில்லை, பக்கத்தில் நின்ற தாய்மார் என்ன செய்தார்கள். இரண்டு அமர்வுக்கு மேல் எடுத்தது. கடைசியில் அவரே சொன்னது, காப்பாற்றத்தான் குடுத்தேன் என்பது. குற்ற உணர்வு போய்விடவில்லை. நாள் முழுக்க நின்றது இரவுகளுக்குச் சுருங்கியது.

பேரன்

பேரன் எட்டாம் வகுப்பில் மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாதவன். கிளினிக்கில் எல்லோரும் பாட்டியைப் பார்த்தபோது அவன் வெளியே வாங்கில் இருந்தான். ஆறு மணிக்குமேல் வெளியே விடுவதில்லை, விளையாட்டுக்குழுவில் சேரவிடுவதில்லை, வரப் பிந்தினால் பாட்டி வீதியில் நின்று குழறுவார். மாமனின் படம் இருக்கும் சுவருக்கு நேரே அவனுடைய படுக்கை. "நான் மாமா இல்லை" என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறான். பள்ளி வழிகாட்டல் ஆசிரியர், தாய், பாட்டி மூவரோடும் பேசி, மாலை ஆறே முக்கால்வரை உதைபந்து என்று நேரம் குறிக்கப்பட்டது. பிந்தினால் அவன் அழைப்பெடுக்க வேண்டும். வீட்டில் கூப்பிட அவனுக்குச் செல்லப்பெயர் ஒன்றை அவனே தெரிந்தான். பாட்டி இன்னும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார், மற்றவர்கள் மாறிவிட்டார்கள்.

ஓராண்டின் பின்

டயசிப்பாம் ஆவணியில் 2.5, ஐப்பசியில் நின்றது. தூக்கம் ஐந்து, ஐந்தரை மணித்தியாலம். புள்ளி 8, ஈமோகுளோபின் 11.6. சாவைப் பற்றிய எண்ணம் இல்லை என்கிறார். புளுவொக்சடின் தொடர்கிறது, அடுத்த மே மாதம் தாண்டும்வரை குறைக்கும் எண்ணமில்லை. கருவாடு காயவைக்கும் பெண்கள் குழுவில் கிழமைக்கு மூன்று நாள் வேலை. வாக்குக் கேட்கப் போவது நிற்கவில்லை. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் அதற்குச் செலவழிப்பதில்லை என்று மகளோடு உடன்பாடு. பேரனின் வரவு கூடியிருக்கிறது, கணிதம் தேறவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பேரனை முதல் மாதத்திலேயே பார்த்திருக்க வேண்டும். ஒரே பெயர் வைத்த பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்பது இப்போது முதற்சந்திப்புக் கேள்விகளில் ஒன்று. அதேபோல, காணாமற்போனவரைத் தவிர இறந்த வேறு யாருக்குக் கிரியை நடக்கவில்லை என்பதும் தொடக்கத்திலேயே கேட்கப்படுகிறது.

மே மாத ஆயத்தம் பங்குனியில் தொடங்குகிறது: டயசிப்பாம் குறைப்பில் இருப்பவர்களின் பட்டியல், மருந்து இருப்பு, 18 ஆம் திகதிக்கு மறுநாள் மேலதிகக் கிளினிக்.

மருத்துவ அலுவலர் இடமாற்றத்தில் போகும்போது புதியவர் முதல் நாளே "மகன் என்னவானார்?" என்று கேட்டுவிடுகிறார். கைமாற்றுத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, கேட்கக்கூடாதது எது என்பது அதன் மேல் வரியில் இருக்க வேண்டும். கிளினிக் ஒரு மணிக்கு முடிகிறது. அவருடைய ஊருக்கான பஸ் பத்தரைக்குத்தான் வந்து சேர்கிறது. தூரத்து ஊர்க்காரருக்குப் பதினொரு மணிக்குப் பின்னான இலக்கங்களை ஒதுக்குவது என்று தீர்மானமாகியிருக்கிறது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.